தினவின் வரலாறு

மஃரிபு தொழுகைக்குப் பின் எங்கள் வட்டத்துப் பள்ளிவாசலின் மக்தபில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகள் ஓதுகிறார்கள். நெய்வேலி பல ஊர் மக்கள் வந்து கூடிய ஊர். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்று, 1957இல் சுரங்க வேலை தொடங்கி, 1961இல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டபின், முந்திரித் தோப்பும் செம்மண் மேடுமாகக் கிடந்த நிலத்தில் இந்நகரம் எழுந்தது. நிரந்தரத் தொழிலாளியின் மகனும், ஒப்பந்தக் கூலியின் மகனும், கடைத்தெரு வியாபாரியின் மகனும் ஒரே பாயில் தோளோடு தோள் உரச அமர்ந்து ஓதுவது இங்கே இயல்பு.

சென்ற கோடையில் ஒரு மாலை, அந்தப் பாயில் ஓர் இடைவெளி விழுந்திருக்கக் கண்டேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஓரத்தில் தனியே அமர்ந்திருந்தான். மற்றவர்கள் அவனை விட்டு ஒரு முழம் தள்ளியிருந்தார்கள். அவன் ஓதிக்கொண்டே வலக்கை விரல்களின் இடுக்கைச் சொறிந்து கொண்டிருந்தான். "அவனுக்குச் சொறி, ஹஜ்ரத். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமாம்" என்றான் இன்னொருவன். நான் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிறுவன் இரு கைகளையும் சட்டைக்குள் மறைத்துக் கொண்டான்.

கையை மறைக்கும் அந்தச் செய்கையை நான் அறிவேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதைச் செய்திருக்கிறேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், மனிதனின் தோல் ஏன் அரிக்கிறது, அவன் ஏன் சொறிகிறான், இந்தச் சிறு துன்பத்தைப் பற்றி நம் முன்னோர் என்ன அறிந்திருந்தார்கள் என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து சற்றே ஆராய விரும்புகிறேன். அற்பமான பொருள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அரசன் முதல் ஆண்டி வரை அரிப்பை அறியாத உடல் ஒன்றும் இல்லை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழில் அரிப்பு, நமைச்சல், தினவு என்று உணர்ச்சிக்குப் பல பெயர்கள் உண்டு. நோய்க்கோ 'சொறி' என்று பெயர். கை செய்யும் செயலின் பெயரே நோயின் பெயராக அமைந்துவிட்டது. அரபு மொழியிலும் இதே நிலைதான். 'ஹக்க' என்றால் தேய்த்தான், சொறிந்தான் என்று பொருள். அரிப்புக்கு அதிலிருந்தே 'ஹிக்கா' என்ற பெயர் பிறந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகளும் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன. சொறியத் தூண்டும் உணர்ச்சிதான் அரிப்பு. அதை வேறு விதமாக விளக்க முடியாது. 1660இல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் அரிப்புக்கு இலக்கணம் வகுத்தபோது, சொறிய வேண்டும் என்ற ஆசையைத் தூண்டும் இனிமையற்ற உணர்ச்சி என்றே எழுதினார். இன்றைய மருத்துவ நூல்களும் அந்த இலக்கணத்தையே எடுத்தாள்கின்றன. தமிழ்க் கிழவியும் அரபு நாடோடியும் அகராதி எழுதாமலேயே அதைச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அரிப்பு வேறு, அரிப்பைத் தரும் தொற்றுநோய் வேறு என்பதையும் அரபியர் பிரித்தறிந்திருந்தார்கள். பின்னதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜரப்'. நாம் சொறி சிரங்கு என்றும், மருத்துவர்கள் ஸ்கேபிஸ் என்றும் சொல்வது அதுவே.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்து வரலாற்றில் அரிப்புக்கு ஓர் இடம் உண்டு. ஆண்கள் பட்டு உடுத்துவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். எனினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவரும் உடலில் ஏற்பட்ட அரிப்பால் வருந்தியபோது, பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் இசைவு தந்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்கள் மதீனாவின் பெருஞ்செல்வர். ஸுபைர் அவர்களோ வீரத்தில் முன்னணியில் நின்றவர். அந்த இருவர் தங்களுக்கு உடம்பு அரிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள் முகம் சுளிக்கவில்லை. அது சொன்னவர்களுக்கு இழுக்காகவும் கருதப்படவில்லை. இக்கட்டுரையின் முடிவு வரை இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இந்த ஹதீஸை வைத்துப் பட்டு அரிப்புக்கு மருந்து என்று விளம்பரம் செய்வோர் உண்டு. 2017இல் இங்கிலாந்தில், கரப்பான் நோயுள்ள 300 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று வெளிவந்தது. சிகிச்சைக்கென்றே நெய்த பட்டாடையை அணிந்த குழந்தைகளுக்கும் அணியாத குழந்தைகளுக்கும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனால் ஹதீஸுக்கு ஒரு குறையும் இல்லை. அது துன்பப்படுபவனுக்கு மார்க்கம் கொடுத்த சலுகை. முரட்டுக் கம்பளி உரசிப் புண்ணாகும் உடம்புக்கு வழவழப்பான துணி இதமாக இருக்கும் என்பது அனுபவம். சலுகையை மருந்துச் சீட்டாக மாற்றும்போதுதான் நாம் தவறு செய்கிறோம்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். தலையில் பேன் பெருகி முகத்தில் உதிர்ந்து விழும் நிலை. இஹ்ராமில் முடி களையக் கூடாது. தலையோ அரிப்பால் துடிக்கிறது. அந்த நிலையை நேரில் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைத் தலை மழிக்கச் சொன்னார்கள். அதற்குப் பரிகாரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஒரு குர்பானி என வகுக்கப்பட்டது. திருக்குர்ஆன் பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தில் வரும் சலுகை இந்நிகழ்ச்சியை ஒட்டியதே. ஒருவருடைய தலை அரிப்பின் பொருட்டு உலகம் முடியும் வரை செல்லும் ஒரு சட்டம் பிறந்திருக்கிறது. இஹ்ராமில் உடம்பைச் சொறிவதில் குற்றமில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் இப்னு உமர் (ரலி) அவர்களும் கருதினார்கள் என்பதும் நூல்களில் உண்டு.

நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பயில்வோர் ஓதும் ஃபத்ஹுல் முஈன், மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் இயற்றியது. தொழுகையில் தொடர்ந்து மூன்று அசைவுகள் அசைந்தால் தொழுகை முறியும் என்று சொல்லும் அதே இடத்தில், உள்ளங்கை அசையாமல் விரல்களால் மட்டும் சொறிந்தால் முறியாது என்றும், சொறியாமல் பொறுக்கவே முடியாத சிரங்கு உள்ளவருக்கு விலக்குண்டு என்றும் அந்நூல் சொல்கிறது. இதை ஓதிய நாளில் நாங்கள் சிரித்தோம். சொறிவதற்கும் ஒரு சட்டமா என்று கேட்டோம். இன்று சிரிப்பு வருவதில்லை. இறைவன் முன் நிற்கும் வேளையிலும் மனித உடல் பலவீனமானது என்பதை உணர்ந்த அறிஞர்கள் அவர்கள்.

இனி மருத்துவ வரலாற்றுக்கு வருவோம். சொறி எதனால் வருகிறது? கிரேக்க மருத்துவத்தின் வழிவந்தவர்கள் உடலில் உள்ள நான்கு நீர்களின் கேடு என்றார்கள். இரத்தம் கெட்டுத் தோல் வழியே வெளிப்படுகிறது என்பது அவர்கள் கருத்து. 'இரத்தம் கெட்டுப் போயிற்று' என்று இன்றும் நம் வீட்டுப் பெண்கள் சொல்வது ஏறக்குறைய அதே கருத்துத்தான்.

பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஹஸன் அஹ்மத் அத்தபரீ என்னும் மருத்துவர் 'அல்முஆலஜாத்துல் புக்ராத்திய்யா' என்ற நூலை எழுதினார். சொறியுள்ள தோலிலிருந்து ஊசிமுனையால் எடுக்கத்தக்க மிக நுண்ணிய உயிர் ஒன்றைப் பற்றி அவர் அதில் குறித்திருக்கிறார். அதன்பின் ஸ்பெயினில், 1162இல் மறைந்த செவில் நகரத்து அபூ மர்வான் அப்துல் மலிக் இப்னு ஸுஹ்ர், 'கிதாபுத் தைஸீர்' என்ற தம் நூலில், தோலுக்கடியில் ஊர்ந்து அரிப்பை உண்டாக்கும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சிறிய ஓர் உயிரைப் பற்றி எழுதினார். ஈருக்கு வழங்கும் 'ஸுஆபா' என்ற சொல்லையே அதற்குப் பெயராக இட்டார். மெய்யியலறிஞர் இப்னு ருஷ்து அவரை உயர்வாக மதித்தவர். தைஸீர் 1281இல் வெனிஸ் நகரில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் நெடுங்காலம் பயிலப்பட்டது.

நம் இதழ்களில் இத்தகைய செய்தியை எழுதும்போது, பார்த்தீர்களா, முதலில் கண்டவர் நம்மவர் என்று முழங்கி முடித்துவிடுவது வழக்கம். நானும் அப்படி மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் வரலாற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், அந்த அறிஞர்கள் உயிரைக் கண்டார்கள் என்றுதான் சொல்ல முடியும். அந்த உயிரே சொறி நோயின் முழுக் காரணம் என்று அவர்கள் நிறுவினார்கள் என்று சொல்ல முடியாது. நான்கு நீர்களின் கொள்கை அவர்களையும் பிடித்திருந்தது. கண் கண்டதைக் கொள்கை ஏற்கவில்லை. கண்டவர்களுக்குரிய பெருமையை அளவோடு கொடுப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. 1687இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் கோசிமோ பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்து வணிகரும், சொறியுள்ளவர்களின் தோலிலிருந்து அந்த உயிரை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் படம் வரைந்தார்கள். இதுவே நோய்க்குக் காரணம், இரத்தக் கேடு அன்று என்று பிரான்செஸ்கோ ரேதி என்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதினார்கள். இந்த எண்ணம் அவர்களுக்கு எங்கிருந்து பிறந்தது தெரியுமா? ஏழைப் பெண்கள் தம் குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசியால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதைக் கண்டதிலிருந்து பிறந்தது. கல்லாத தாய்மார் அறிந்திருந்ததைக் கற்ற மருத்துவர்கள் ஏற்க மறுத்தார்கள். பொனோமோவின் கடிதம் நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

1812இல் பாரிஸ் நகரில் ஒருவர் அந்த உயிரைக் காட்டியதாகப் பெயர் வாங்கினார். அவர் காட்டியது பாலாடைக்கட்டியில் வாழும் பூச்சி என்று பின்னர்த் தெரியவந்தது. அதனால் உண்மையும் சேர்ந்து நகைப்புக்கு இடமாயிற்று. கடைசியில் 1834இல் ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர், பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எல்லார் முன்னிலையிலும் ஊசிமுனையால் அதை எடுத்துக் காட்டினார். அவர் கார்சிகா தீவிலிருந்து வந்தவர். அந்த வித்தையை அவர் கற்றதும் தம் தீவின் ஏழைப் பெண்களிடம்தான். இப்னு ஸுஹ்ர் மறைந்து அப்போது 672 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் சொறி பிடித்தவன், உள்ளே கெட்டவன் என்ற பெயரையும் சேர்த்துச் சுமந்தான்.

இன்று அந்த உயிரைப் பற்றி நன்கு தெரியும். எட்டுக் கால் கொண்ட உண்ணி இனம் அது. பெண் உண்ணியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலின் மேலடுக்கில் சுரங்கம் வெட்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இட்டுக்கொண்டே செல்லும். நிலத்தடியில் சுரங்கம் வெட்டி வாழும் ஊரில் இருக்கும் எனக்கு இதைப் படித்தபோது வியப்புத் தோன்றியது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகியவை அது விரும்பும் இடங்கள். இரவில் அரிப்பு மிகும்.

ஆனால் அரிப்பெல்லாம் உண்ணியால் வருவதன்று. நெய்வேலியையும் பண்ருட்டியையும் சுற்றியுள்ள முந்திரிக் காட்டு மக்களைக் கேளுங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளம் எழும். உடைப்பவர்களின் விரல்கள் கறுத்து உரியும். சாம்பலோ எண்ணெயோ கையில் தடவிக்கொண்டு அவர்கள் வேலை செய்வது அதனால்தான். சலவைத் தொழிலாளிகள் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் விளங்காத புண் வந்தது. துணியில் இட்ட சலவைக் குறியின் மைதான் காரணம் என்று 1943இல் அவர்களின் இராணுவ மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். காஞ்சொறி இலை, பூனைக்காலிச் சுணை, புளி சேர்க்காமல் சமைத்த கருணைக்கிழங்கு என்று நம் மண்ணில் அரிப்பூட்டுவன பல. கோடையில் வேர்க்குருவும் உண்டு. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கோளாறு ஏற்பட்டால், தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலேயே உடல் முழுதும் அரிப்பதுண்டு. முதியவர்கள் பல வாரம் அரிக்கிறது என்று சொன்னால் எண்ணெய் தேய்த்து விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தனை காரணங்களுக்கும் உடல் கொடுக்கும் விடை ஒன்றே: கை அங்கே செல்கிறது. ஏன்? அரிப்பு என்பது வலியின் மெலிந்த வடிவம் என்றே அறிவியலார் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1997இல் ஜெர்மனியில், அரிப்பை மட்டும் சுமந்து செல்லும் மெல்லிய நரம்பு இழைகள் மனிதத் தோலில் இருப்பது கண்டறியப்பட்டது. 2007இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், முதுகுத் தண்டில் அரிப்புச் செய்தியை வாங்கும் ஓர் அமைப்பு எலிகளிடம் கண்டறியப்பட்டது. அந்த அமைப்பு இல்லாத எலிகள் வலியை உணர்ந்தன. ஆனால் மிகக் குறைவாகவே சொறிந்தன. ஆக, வலிக்கு ஒரு வழி, அரிப்புக்கு ஒரு வழி என்று படைப்பிலேயே பிரிவு இருக்கிறது. வலி கையை விலக்கச் செய்கிறது; அரிப்பு கையை வரவழைக்கிறது. நெருப்பிலிருந்து விலக வேண்டும். ஊரும் பூச்சியையோ துரத்த வேண்டும். இரண்டும் காவல்தான். குஷ்டநோயால் உணர்விழந்த தேமலில் இந்த இரு காவலும் அற்றுப் போகின்றன. அங்கே காயம் பட்டாலும் அவன் அறிவதில்லை. அதை எண்ணினால் அரிப்பும் ஓர் அருட்கொடையே என்பது விளங்கும்.

சொறிவதால் எழும் சிறு வலி அரிப்பைச் சற்றே அடக்குகிறது. மூளையும் இன்பம் கொள்கிறது. ஆனால் சொறியச் சொறியத் தோல் வீங்கி மேலும் அரிக்கிறது. 2025இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, சொறிதல் தோலின் அழற்சியைக் கூட்டுகிறது என்பதையும், கூடவே தோலின் மேலுள்ள சில தீய நுண்ணுயிர்களைக் குறைக்கிறது என்பதையும் எலிகளில் காட்டியது. அளவோடு காவல், அளவு மீறினால் கேடு. எல்லா இச்சைகளுக்கும் பொருந்தும் நீதிதானே இது!

இனி, நான் சொல்வதாகச் சொன்ன கதைக்கு வருகிறேன்.

நான் ஓதிய மதரஸாவின் விடுதி ஒரே நீளக் கூடம். நாற்பது மாணவர்கள் பாயோடு பாய் சேர்த்துப் படுப்போம். மார்கழிக் குளிரில் ஒரு போர்வையில் இருவர். ஓராண்டு, பாடங்கள் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, ஒரு சிற்றூரிலிருந்து பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். வந்த பத்து நாட்களுக்குள் விரல்களைச் சொறியத் தொடங்கினான். சிறு வயதில் தனக்குச் சொறி வந்து போயிருக்கிறது என்று அவனே கள்ளமில்லாமல் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. நோயைக் கொண்டு வந்தவன் அவன்தான் என்று கூடம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவன் பாய் கதவோரத்திற்குப் போனது. அவன் தட்டைத் தனியே வைத்தார்கள். கந்தக மருந்தின் நாற்றத்தைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே என் விரல் இடுக்கில் அரிப்புத் தொடங்கியிருந்தது. நான் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். இரவில் மற்றவர்கள் உறங்கியபின் சொறிந்துகொண்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போன அந்தப் பையன் திரும்பி வரவில்லை. அவன் ஓதும் குரல் நன்றாக இருக்கும். அவன் போன சில வாரங்களில் கூடம் முழுவதும் சொறிந்துகொண்டிருந்தது. அப்போது யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் கென்னத் மெலன்பி என்பவரின் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மருத்துவர் விளக்கக் கேட்டேன். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் இங்கிலாந்தில் படைவீரர்களிடையே சொறி பெருகியது. 1941இல் ஷெஃபீல்டு நகரில் மெலன்பி ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் சிலர் தம் உடலை அதற்குத் தந்தார்கள். நோயாளிகள் பயன்படுத்திய போர்வையைப் போர்த்தி உறங்கினார்கள். அவர்களின் உள்ளாடையை அணிந்தார்கள். அப்படியும் மிகச் சிலருக்கே நோய் வந்தது. நெடுநேரம் உடலோடு உடல் ஒட்டிப் படுத்தவர்களுக்கே பெரும்பாலும் தொற்றியது. தட்டும் பாயும் அத்தனை குற்றவாளிகள் அல்ல என்று தெளிவாயிற்று. சராசரி நோயாளியின் உடலில் ஏறத்தாழப் பதினோரு பெண் உண்ணிகளே இருந்தன என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார்.

அவர் கண்ட இன்னொன்றுதான் என் நெஞ்சைத் தைத்தது. முதன்முறையாகத் தொற்றியவனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வரை அரிப்பே தெரிவதில்லை. உண்ணியை உடல் இன்னும் அடையாளம் கண்டுகொள்ளாததே காரணம். முன்பே ஒருமுறை நோய் வந்து போனவனுக்கோ ஓரிரு நாட்களிலேயே அரிக்கத் தொடங்கிவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு அதற்கு முன் சொறி வந்ததில்லை. அந்தப் பையனுக்குச் சிறு வயதில் வந்திருந்தது. அவன் வந்து பத்து நாட்கள். எனக்கு அரிக்கத் தொடங்கியதும் அதே நாட்களில். அப்படியானால் உண்ணி என் தோலுக்குள் புகுந்தது அவன் கூடத்திற்குள் காலடி வைப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பு. நோயை அவன் கொண்டு வரவில்லை. நாங்கள்தான் அவனுக்குக் கொடுத்தோம். முதலில் சொறிந்தவன் அவன். அதனால் குற்றவாளியும் அவனானான்.

ஜரப் பிடித்த ஒட்டகத்தைப் பற்றிய ஹதீஸை ஆலிம்கள் அறிவார்கள். மான்கள் போல் திடமாக இருந்த ஒட்டகங்களிடையே சொறி பிடித்த ஒட்டகம் ஒன்று கலந்ததும் எல்லாவற்றிற்கும் சொறி வந்துவிடுகிறதே என்று ஒரு நாட்டுப்புற அரபி கேட்டார். அப்படியானால் முதல் ஒட்டகத்திற்கு ஒட்டவைத்தது யார் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்க வேண்டாம் என்ற கட்டளையும் அவர்களிடமிருந்தே வந்திருக்கிறது. நோய் தானாக எதையும் செய்வதில்லை, இறைநாட்டமே மூலம் என்பது முதல் மொழியின் பொருள். காரணங்களைப் பேணி நடக்க வேண்டும் என்பது இரண்டாவதன் பொருள் என்று இமாம்கள் இரண்டையும் இணைத்து விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் எனக்கு மறு கருத்து இல்லை. ஆனால், முதலாவதற்கு யார் கொடுத்தது என்ற கேள்வியை ஓதிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், கதவோரத்துப் பாய் ஒன்று என் கண்முன் வருகிறது.

மறுநாள் நான் அந்தச் சிறுவனின் வீட்டிற்குப் போனேன். இரண்டு அறைகளில் ஆறு பேர். அவன் தாயார் கதவை ஒருக்களித்து நின்றபடி, "மூன்று தடவை மருந்து போட்டேன் ஹஜ்ரத், போனது போலிருந்து திரும்ப வருகிறது. வெளியே சொன்னால் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று சொல்லவில்லை" என்றார். மருந்து போட்டது பையனுக்கு மட்டும். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் அரிப்பு இருந்தது; அவர்கள் வாய் திறக்கவில்லை. நோய் மும்முறை திரும்பியதற்கு இந்த வெட்கமே காரணம்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பல குடும்பங்களுக்குப் பயன்படும். அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். புண் உள்ள இடத்தில் மட்டுமன்றிக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரல் இடுக்கும் நகக்கண்ணும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர் சொல்லும் முறையே முறை. உடுத்த துணியையும் விரிப்பையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். உண்ணி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வாழாது. உண்ணி செத்த பின்னும் சில வாரம் அரிப்பு இருக்கலாம்; மருந்து பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். இந்நோய் ஏழ்மையின் நெருக்கடியில் பெருகுவது. அசுத்தத்துக்குக் கிடைத்த தண்டனை அன்று. எந்த நேரமும் உலகில் 20 கோடிக்கு மேற்பட்டோர் இதனால் வருந்துகிறார்கள் என்று மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் புறக்கணிப்பில் அரசாங்கங்களுக்கு மட்டும் பங்கு என்று சொல்லிவிட முடியாது. கதவோரத்தில் பாயை இழுத்துப் போடுகிறவர்களுக்கும் பங்குண்டு.

அன்று மாலை மக்தபில் பாடத்தை நிறுத்திவிட்டு, பட்டுச் சட்டை அணிந்த இரு நபித்தோழர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிறகு என் இரு கைகளையும் விரித்துக் காட்டி, உங்கள் வயதில் எனக்கும் இருந்தது, நான் மறைத்தேன், அது தவறு என்றேன். எல்லாரும் கைகளை நீட்டுங்கள் என்றேன். முப்பது பேரில் ஏழு பேரின் விரல் இடுக்கில் தடிப்புகள் இருந்தன. அந்த ஏழு பேரில் ஒருவன், முதல் நாள் "ஒட்டிக்கொள்ளுமாம்" என்று சொன்ன பையன்.

அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை. ஏழு வீடுகளுக்கும் அந்த வாரமே போய்ச் சொல்லி வந்தேன். அடுத்த வாரம் எல்லாரும் ஓத வந்தார்கள். பாயில் இடைவெளி இல்லை.